மேலதிகத் தாள் கேட்டவள்

தாளில் புரோகிராம் எழுதச் சொல்லுகிறவர்களை எனக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. கணினியில் எழுதினால் பிழை விட்ட உடனேயே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். ஓட்டிப் பார்க்கலாம், திருத்தலாம், திரும்பவும் ஓட்டலாம். தாளில் எழுதியது ஓடாது. அது சரியா பிழையா என்று சொல்வதற்கு இன்னொரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்கு அன்றைக்கு மனம் எப்படி இருக்கிறதோ அதுதான் எழுதியவனின் தலைவிதி. இதைக் கிளிநொச்சியில் காது கொடுத்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். மனைவிக்குத்தான் அதிகமாகச் சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் அப்படியொரு சோதனையில் என்னைத் தோற்கடித்தவள் அவள்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இதை எழுதுகிறவன் பொறாமைக்காரன். எங்கள் பக்கத்தில் இதற்குக் காய்மகாரம் என்று ஒரு சொல் உண்டு. சொல்லும்போதே வாய் கசக்கிற சொல். அந்தக் காய்மகாரம் எனக்கு வெளி ஆட்களோடு வந்திருந்தால் மறைத்து வைத்திருக்கலாம். ஒரே குசினியில் சமைத்து ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கிற ஆளோடு வந்தால் எங்கே கொண்டுபோய் மறைப்பது?

நாங்கள் இருவரும் வவுனியாவில் ஒரே வகுப்பில் கணினி படித்தவர்கள். அவள் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. நான் முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை. அவர்கள் கோயில், நாங்கள் தேவாலயம். கலியாணத்துக்கு முன் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் சத்தம் எழும்பி, பிறகு அடங்கியது. படிக்கிற காலத்தில் புள்ளிப் பட்டியலில் என் இலக்கம் எப்போதும் அவளுடையதற்கு மேலேதான் இருக்கும். அவளுக்கு விளங்காத பாடத்தைக் கன்டீன் மேசையில் வைத்து விளங்கப்படுத்தியவன் நான். அப்படித்தான் எங்கள் காதலே தொடங்கியது. பின்னால் நடந்ததெல்லாம் எனக்கு ஏன் அப்படிச் சுட்டது என்று விளங்க இது தெரிந்திருக்க வேண்டும்.

கலியாணம் கட்டிக் கிளிநொச்சியில் வாடகை வீடு எடுத்தோம். நான் ஒரு தனியார் நிலையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்தேன். அவள் வீட்டில் இருந்தபடி சின்னச் சின்ன இணையத்தளங்கள் செய்து கொடுத்தாள். அந்த நேரத்தில்தான் மென்பொருள் நிறுவனமொன்று நகரத்தில் கிளை திறந்தது. ஒரேயொரு புரோகிராமர் வேண்டும் என்று அறிவித்தல் போட்டார்கள். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகாமல், படித்த வேலையை ஊருக்குள்ளேயே செய்கிற வாய்ப்பு. இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். யாருக்குக் கிடைத்தாலும் வீட்டுக்குத்தானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நான் சொன்னது பொய். எனக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

எழுத்துச் சோதனை என்று செய்தி வந்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. கிளையின் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், எல்லோருக்கும் அண்ணை. தொடங்குவதற்கு முன் அவரே காரணம் சொன்னார்.

"முந்தி வீட்டில இருந்து செய்து அனுப்பச் சொல்லுறனாங்கள். இப்ப ஆக்கள் அனுப்புறதில்லை, மிசின்தான் எழுதி அனுப்புது. மிசினை வேலைக்கு எடுக்கிறதெண்டால் நான் ஏன் இவ்வளவு தூரம் வாறன்? பேனையால எழுதுங்கோ பிள்ளையள். மூளை எப்பிடி ஓடுது எண்டு பாக்கத்தான். அரைப்புள்ளி விட்டதுக்கெல்லாம் புள்ளி வெட்டமாட்டன்."

இரவலாக எடுத்த ஒரு மண்டபத்தில் சோதனை நடந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோதனை என்றால் உயர்தரச் சோதனை ஒன்றுதான் தெரியும். எல்லோரும் அடிமட்டம் கொண்டுவந்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு, கழுத்தில் செபமாலை. தாளைக் கொடுத்த உடனே பலர் ஓரத்தில் கோடு கிழிக்கத் தொடங்கினார்கள். முடிந்ததும் விடைத்தாள்களைக் கோத்துக் கட்ட நூல் கேட்டார்கள். பொறுப்பாளர் ஸ்டேப்ளரை நீட்ட, ஒரு பிள்ளை அதை வாங்காமல், "நூல் இல்லையோ சேர்?" என்று பாவமாகக் கேட்டது. மென்பொருள் எழுதப்போகிற ஆட்கள் நாங்கள்.

கடைசிக் கேள்விதான் எங்கள் வீட்டைக் குழப்பியது. ஓர் இயந்திரம் இருக்கிறது, பல வேலைகள் அதற்காக வரிசையில் காத்திருக்கின்றன, ஒரு வேலையின் முறை வரும்போது அது தயாராக இல்லை, என்ன செய்வீர்கள், அதற்குப் புரோகிராம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்தேன். தயாராக இல்லாததை வரிசையின் கடைசிக்கு அனுப்பு, அடுத்ததைக் கூப்பிடு. சின்னதாக, வடிவாக எழுதி முடித்துப் பேனையை மூடினேன். கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தனிச் சுகம்.

அப்போதுதான் எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி ஒரு கை எழும்பியது. வளையல் போட்ட கை. எனக்குத் தெரிந்த வளையல்.

"எக்ஸ்ட்ரா பேப்பர் தாங்கோ சேர்."

சோதனை மண்டபத்தில் பக்கத்துப் பிள்ளை மேலதிகத் தாள் கேட்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் படித்த எல்லோருக்கும் தெரியும். நாம் முடித்துவிட்டு இருக்கிறோம், அவளுக்கு இன்னும் எழுத இருக்கிறது. நமக்குத் தெரியாத எது அவளுக்குத் தெரியும்? நான் திரும்பவும் கேள்வியை வாசித்தேன். எழுத ஒன்றும் இருக்கவில்லை. அவள் அந்தத் தாளையும் நிரப்பினாள்.

சில நாட்களில் இருவரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பொறுப்பாளர் என் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்கட விடை பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா முறை வந்த நேரம் தயாரில்லை எண்டால் அவனைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டீங்கள். ஏன் தயாரில்லை எண்டு பாக்கேல்லை. ஏன் தம்பி?"

"வரிசை எண்டால் அதுதானே அண்ணை. முறையை விட்டவன் விட்டவன்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு கதைக்குப் போனார். அந்தத் தலையாட்டலை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கிழமை வேலை மனைவிக்குக் கிடைத்தது.

அவள் எழுதியதை அன்றைக்கே கேட்டறிந்தேன். தயாராக இல்லாததை அவள் கடைசிக்கு அனுப்பவில்லை, ஒரு பக்கமாக விலத்தி வைத்திருந்தாள். அடுத்தவன் தன் வேலையைச் செய்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வேலை முடியும்போதும் முதலில் விலத்தி வைத்தவர்களைப் பார்க்க வேண்டும். யாராவது தயாராகியிருந்தால் அவனுக்குத்தான் அடுத்த முறை. திரும்பத் திரும்பத் தயாராகாமல் இருந்தால் பொறுப்பான மனிதருக்கு அறிவிக்க வேண்டும். அதற்குத்தான் மேலதிகத் தாள்.

"எங்கட வாய்க்காலில அப்பிடித்தான். முறைத் தண்ணி வாற அண்டைக்கு ஒருத்தர் ஆசுப்பத்திரியில எண்டால் பக்கத்து வயலுக்குத் திருப்பிவிடுவினம். அவர் வந்த உடனே அவருக்குத்தான் திறப்பினம். முழுச் சுற்றும் முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தால் பயிர் கருகிப்போமெல்லோ?" என்றாள்.

இவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். தன் அப்பாவின் வயலில் கண்டதை எழுதி வேலை எடுத்துவிட்டாள். நான் வாழ்த்துச் சொன்னேன், கேக் வாங்கிவந்தேன், அதை வெட்டும்போது படமும் எடுத்தேன். அந்தப் படத்தில் என் சிரிப்பைப் பார்த்தால் பல்லுக்கொதியில் வலி பொறுக்கிறவன் போல இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்ல. காலையில் அவள் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டுவாள். அந்த நாடாவின் நீல நிறத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. ஸ்கூட்டியில் ஏறிக் கை காட்டிவிட்டுப் போவாள். அங்கே அவளுக்குச் சுழலும் கதிரை, இரண்டு திரை. எனக்கு நிலையத்தில் கால் ஆடுகிற பிளாஸ்டிக் கதிரை, எலி கடித்த வயர். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தை எப்படித் தடிப்பாக்குவது என்று நான் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில், அவள் நோர்வேயில் இருக்கிற வாடிக்கையாளரோடு கதைத்துக்கொண்டிருப்பாள். மாலையில் வந்து, "இண்டைக்கு ஒரு பிழை பிடிபடவேயில்லை, நீங்கள் ஒருக்காப் பாப்பீங்களோ?" என்று கேட்பாள். அன்பாகத்தான் கேட்பாள். நான் பார்ப்பேன், பிழையைக் கண்டும் பிடிப்பேன். அடுத்த நாள் பாராட்டு அவளுக்குக் கிடைக்கும். அதை வந்து எனக்குச் சொல்லவும் சொல்வாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அயலட்டையும் சும்மா இருக்கவில்லை. முன் வீட்டு அம்மா, "பிள்ளைக்குத்தானே பெரிய வேலை, தம்பி இப்ப வீட்டோடயோ?" என்று கேட்டா. நான் தினமும் அவா கண்ணுக்கு முன்னால்தான் வேலைக்குப் போய்வருகிறேன்.

எல்லாவற்றையும் விட அப்பாவின் தொலைபேசிதான் என்னைச் சுட்டது. அம்மா செத்த பிறகு அப்பா கரையில் தனியாகத்தான் இருக்கிறார். என்னோடு அவர் கதைக்கிற கதை எப்போதும் ஒன்றுதான். சாப்பிட்டியோ, சுகமோ, சரி வைக்கிறன். இவள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு பின்னேரங்களில் எனக்குத்தான் எடுப்பார், எடுத்ததும் முதல் கேள்வி, "பிள்ளை வேலையால வந்திட்டாளோ?" என்பதாக இருக்கும். தொலைபேசியைக் கொடுப்பேன். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். என் தகப்பன் இவ்வளவு கதைப்பார் என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் குசினியில் வைத்து வெடித்துவிட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பேச்சு எதிலோ தொடங்கி அந்தச் சோதனையில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் அங்கேதான் வந்து நிற்கும்.

"நீர் எழுதினது உங்கட வயல் சட்டம். நான் எழுதினது எங்கட கரைச் சட்டம். வயல்காரன் கேள்வி போட்டால் வயல்காரிக்குத்தான் புள்ளி விழும். ஒரு கடல்காரன் போட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

"அண்ணையின்ரை தகப்பன் தபால்காரராம்," என்றாள் அவள்.

"அது கதையில்லை. எங்கட கரையில ஒவ்வொரு வலைக்கும் ஒரு முறை. தன்ரை முறையண்டைக்குக் கடல் குடுக்கேல்லை எண்டால் அவ்வளவுதான், போன நாள் போனதுதான். அடுத்தநாள் அடுத்தவன். ஆரும் ஆருக்காகவும் காத்துக்கொண்டு நிக்கமாட்டினம். கடல் நிக்குமோ?"

அவள் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆர் சொன்னது அப்பிடியெண்டு?"

"ஆர் சொல்லோணும்? நான் கரையில பிறந்தனான்."

"ஓ," என்றாள். திரும்பவும் துருவத் தொடங்கினாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போய்க் குளித்தேன். அன்றைக்குச் சாப்பாடும் நன்றாக இறங்கியது.

அடுத்த மாதம் தேவாலயத் திருநாளுக்குக் கரைக்குப் போனோம். பூசை முடிந்து நான் பழைய கூட்டாளிகளைத் தேடிப்போனேன். திரும்பி வரும்போது தூரத்திலேயே கண்டேன். முற்றத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டுக்கொண்டு அப்பாவும் அவளும் இருந்தார்கள். அப்பா கையைக் கடல் பக்கம் நீட்டி நீட்டி ஏதோ சொல்கிறார். அவள் நாடிக்குக் கை கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இடையில் அப்பா பேச்சை நிறுத்திச் சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வெயிலுக்குத் துடைக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு யாரில் அதிகப் பொறாமை என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் மனைவியின் காது அப்பாவுக்குக் கிடைத்திருந்தது, என் அப்பாவின் கதை மனைவிக்குக் கிடைத்திருந்தது. நான் கிட்ட வந்ததும் பேச்சு நின்றது.

"தேத்தண்ணி குடிச்சியோ தம்பி?" என்றார் அப்பா.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் கேட்டேன். "என்ன அவ்வளவு கதை?"

"சும்மா, கரைக் கதைதான்," என்றாள் முதுகுக்குப் பின்னால் இருந்து.

பிறகு அந்தக் கிளைக்கு இன்னொரு புரோகிராமர் தேவைப்பட்டது. அவள் வீட்டில் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "நீங்களும் போடுங்கோவன்," என்றும் சொன்னாள். நான் தோளைக் குலுக்கிவிட்டு, தாளில் எழுதுகிற விளையாட்டுக்கெல்லாம் இனி வரமாட்டேன் என்றேன். அன்றைக்கே அவளுக்குத் தெரியாமல் விண்ணப்பித்தேன். மனைவி சொல்லிக் கிடைத்த வேலை என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அவளே கூடச் சொல்லக்கூடாது. கிடைக்காமல் போனால், போட்டதே தெரியாமல் இருக்க வேண்டும். சோதனை நாளில் நிலையத்துக்குச் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

அதே மண்டபம். அதே அடிமட்டங்கள். பின் வரிசையில் போய் இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வினாத்தாள் கட்டோடு வந்தவள் என் மனைவி.

இதை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. பொறுப்பாளர்தான் நிற்பார் என்று நினைத்திருந்தேன். அவள் வரிசை வரிசையாகத் தாளை வைத்துக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை வைக்காமல் திரும்பிப்போய்ப் பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவர் என்ரை அவர், அண்ணை. இவர் விண்ணப்பிச்சது எனக்குத் தெரியாது. வந்த விண்ணப்பங்களை நான் பாக்கேல்லை. ஆனா கடைசிக் கேள்வி நான் போட்டது."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொறுப்பாளர் என்னைப் பார்த்தார்.

"கேள்வி உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது அண்ணை. நான் இஞ்ச வாறது கூட இவவுக்குத் தெரியாது. வவுனியாவுக்குப் போறன் எண்டுதான் சொல்லிப்போட்டு வந்தனான்."

"அப்ப நீங்கள் வீட்டில கதைக்கிறேல்லையோ?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். கோடு கிழித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு அவர், "நீங்கள் வெளியில நில்லுங்கோ பிள்ளை. நான் பாக்கிறன். இவரின்ரை தாள் யாழ்ப்பாணத்துக்குப் போகட்டும், அங்கை திருத்துவினம்," என்றார். அவள் போனாள். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள்.

முன் கேள்விகள் எல்லாம் லேசு. கை தானாக எழுதியது. அவளைவிட நன்றாக எழுதுகிறேன் என்று நினைத்து எழுதினேன், அதனால் நன்றாகவும் வந்தது. பிறகு கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

ஒரு கடற்கரையில் பல வலைகள் முறைவைத்து இறங்குகின்றன என்று அது தொடங்கியது. கடல் குழம்பிய நாளில் முறையுள்ளவர் அந்த முறையை இழப்பார், அடுத்த நாள் அடுத்தவருக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. என் வாயிலிருந்து போன சட்டம் அச்சில் வந்திருந்தது. என் கரையை எடுத்துத் தன் கேள்வியாக்கிக்கொண்டாளே என்று ஒரு எரிச்சலும் வந்தது. அடுத்த வரியை வாசித்தேன். ஆனால் முறையுள்ளவரின் வீட்டில் சாவு நிகழ்ந்திருந்தால் அவருடைய முறை இழக்கப்படாது, மற்ற வலைகள் தொடர்ந்து இறங்கலாம், அவர் கரைக்குத் திரும்பி வரும் நாளில், அது யாருடைய நாளாக இருந்தாலும், முதல் வலை அவருடையது. இந்த ஒழுங்குக்குப் புரோகிராம் எழுதுக.

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

அப்படி ஒரு வழக்கம் எங்கள் கரையில் இல்லை என்று முதலில் நினைத்தேன். அவள் தன் வாய்க்காலைக் கொண்டுவந்து என் கடலுக்குள் திறந்துவிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா செத்த காலம் நினைவுக்கு வந்தது. அப்போது வவுனியாவில் எனக்கு இறுதிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அடக்கம் முடித்து, சட்டையைக் கூட மாற்றாமல் பஸ் ஏறிவிட்டேன். எல்லாத் தாள்களும் எழுதி முடித்துத் திரும்பி வந்தபோது விடியற்காலை. நேரே கரைக்கு நடந்தேன். அப்பாவின் வலைதான் முதலில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா தொழிலுக்கு இறங்கிவிட்டார், முறையும் சரியாக இன்றைக்கு வந்திருக்கிறது, நல்லது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். முறை எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

என் அம்மாவுக்காக அந்தக் கரை காத்திருந்திருக்கிறது. அது என் மனைவிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சுழலும் கதிரைக்கும் நீல நாடாவுக்கும் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஒரு கணம் தாளை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போகலாம் என்று நினைத்தேன்.

போகவில்லை. எழுதினேன். வலைகளுக்கு ஒரு வரிசை, காத்திருக்கிற முறைகளுக்கு இன்னொன்று. ஒவ்வொரு விடியலிலும் வரிசையைப் பார்ப்பதற்கு முன்னால், கரையில் வந்து நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டும். எழுத எழுத இடம் போதவில்லை. கையைத் தூக்கினேன்.

"எக்ஸ்ட்ரா பேப்பர் தாங்கோ அண்ணை."

என் வாழ்க்கையில் முதல்தடவை கேட்டேன். முன் வரிசைப் பொடியன் ஒருவன் திரும்பிப் பயந்து பார்த்தான்.

மேலதிகத் தாளிலும் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். காத்திருக்கிற முறையை எவ்வளவு காலம் வைத்திருப்பது? கேள்வியில் அது இல்லை. அவளுக்கு எழுத மறந்துபோனதா, வேண்டுமென்றே விட்டாளா என்று தெரியவில்லை. புரோகிராமுக்கு அது வேண்டும், ஆள் திரும்பி வராமலே விட்டால் அந்த முறை என்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த எல்லை எனக்குத் தெரியாது, கரையில் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வந்ததும் அப்பாவுக்கு எடுத்தேன். அந்த நேரத்தில் நான் எடுப்பதில்லை. அவர் பதறிப்போய், "என்ன தம்பி?" என்றார்.

"ஒண்டுமில்லையப்பா. சாவு வீட்டுக்காரன்ரை முறையை எவ்வளவு காலத்துக்கு வைச்சிருப்பினம்?"

காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்.

"ஏன் இப்ப கேக்கிறாய்?"

"சோதினையில வந்தது."

"சோதினையிலயோ!" என்று சிரித்தார். "அதெல்லாம் பிள்ளைக்குச் சொன்னனான். அவளைக் கேள். நான் கரையில நிக்கிறன், காத்துக்கு ஒண்டும் கேக்குதில்லை." வைத்துவிட்டார்.

பிள்ளை வேப்பமரத்துக்குக் கீழே என் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"வவுனியாவில என்ன சாமான் வாங்கினனீங்கள்?" என்றாள்.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எதை?"

"முறையை வைச்சிருக்கிறதை."

"உங்களுக்குத் தெரியும் எண்டுதான் முதல் நினைச்சனான். கரையில பிறந்தனான் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்." கோபம் இன்னும் போகவில்லை, குரலில் தெரிந்தது. "தெரியாது எண்டு மாமா சொல்லித்தான் தெரியும். பிறகு அதைக் கொண்டுவந்து எப்பிடி உங்களுக்குச் சொல்லுறது?"

வெயில் சுட்டது. அவளிடம் கேட்காமல் போனால் அந்த விடை எனக்கு ஒருநாளும் கிடைக்காது. கேட்டேன்.

"எவ்வளவு காலம்?"

"கணக்கில்லையாம்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "வந்து வலையில கை வைக்கிற வரைக்கும். மாமி செத்தாப்பிறகு மாமா கனநாள் கரைப்பக்கமே போகேல்லையாம். நீங்களும் இல்லை. ஒருநாள் விடிய எழும்பிப் போய்ச் சும்மா நிண்டவராம். அண்டைக்கு வேற ஆளின்ரை முறை. அந்தாள் வள்ளத்தில ஏத்தின வலையை இறக்கிப்போட்டு விலகி நிண்டவராம். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லையாம்."

"இதை அவர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவள் பின்னால் ஏறவில்லை, ஸ்கூட்டியில் வந்தாள்.

வேலை எனக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் திருத்தியவர்கள், எல்லை தெரியாது, கேட்க வேண்டும் என்று நான் எழுதிய வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். இப்போது எனக்கும் நீல நாடா இருக்கிறது. சுழலும் கதிரை இருக்கிறது. அவளுடைய மேசைக்குப் பின் மேசை. முன் வீட்டு அம்மா இன்னும் பழைய கேள்வியைத்தான் கேட்கிறா.

வேலை தொடங்கிய முதல் நாள் பின்னேரம் அப்பா எடுத்தார். அவர் வாய் திறக்க முன் நானே முந்திக்கொண்டேன்.

"அப்பா, நானும் வேலையால வந்திட்டன்."

"ஓம் ஓம், பிள்ளை சொன்னவள். சாப்பிட்டியோ?"

"ஓம்."

அவர் கொஞ்சம் பொறுத்தார். நானும் பொறுத்தேன். ஏதாவது கேட்க வேண்டும், கேட்டால் சொல்வார் என்று எனக்கு இப்போது தெரியும். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

"சரி," என்றார் அப்பா. "அவளிட்டைக் குடு."